மிஸிஸ் டொறத்தியின் சருகும் எங்கள் வட்டைச் சட்டமும்

1

சித்திரை வருடப்பிறப்பு அன்று நம் ஊர் தேற்றாத்தீவிலிருந்து என் மனைவி மல்லிகாவின் தம்பி செல்வம் தொலைபேசியில் அழைத்தான். வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன்.

"அத்தான், நீங்க கனடாவில பேப்பர்ல எழுதுறீங்களாம்? களுவாஞ்சிக்குடிச் சந்தையில மீன்காரன் கேக்கான்."

"ஆர் சொன்ன?"

"அக்காதான் சொன்ன. போட்டோவும் அனுப்பினவ. தமிழில அச்சடிச்சிரிக்கு, கீழ உங்கட பேர்."

மல்லிகா மெல்ல எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

"அது பேப்பர் இல்ல மச்சான். வீட்டுக்காரர் சங்கத்துக் கடதாசி. பீலி துப்புரவாக்கிற விசயம்."

"அரசியலா?"

"பீலிடா! கூரைப் பீலி."

பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, "நீங்க அஞ்சாம் வகுப்போட நிண்டதப் பத்தி நான் ஒருத்தரிட்டயும் பறையல்ல அத்தான். பயப்படாதீங்க," என்றான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயத்தை அவன் ஒருவன் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறான்.

அதற்குள் நம் வாசிகசாலைக்காரரும் "எழுத்தாளர் அண்ணன் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும்" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான் எழுத்தாளன் இல்லை. நான் எழுதியது ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தால் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டால் இனி ஒருவரும் கட்டுரை கேட்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இந்தச் சங்கம் என்ன என்று சொல்லவேண்டும். ரொறன்ரோவுக்கு வெளியே நாங்கள் இருக்கும் இடத்தில் அறுபத்திரண்டு வீடுகள். எல்லாம் ஒரே மாதிரி. வந்த புதிதில் இரண்டு தரம் அடுத்த வீட்டுக் கதவில் என் திறப்பைப் போட்டுத் திருகியிருக்கிறேன். வீடு உங்களுடையது, ஆனால் கதவுக்கு என்ன நிறம் பூசலாம் என்று சங்கம் சொல்லும். நத்தார் பண்டிகை விளக்கை எந்தத் திகதிக்குள் கழற்றவேண்டும், குப்பை வாளியை எத்தனை மணிக்குத் தெருவில் வைக்கலாம், நாய் அசுத்தம் செய்தால் ஆர் அள்ளவேண்டும், எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. வருடத்தில் நாலு தரம் ஒரு செய்தி மடல் வரும். அதில் வசந்தகால மடல்தான் பெரியது.

வசந்தம் என்றதும் நீங்கள் பூவையும் குயிலையும் நினைக்கவேண்டாம். இங்கே வசந்தம் என்றால் சேறு. ஐந்து மாதம் கிடந்த பனி கரையும். புல் மாட்டுக்குக்கூடப் பிடிக்காத நிறத்தில் கிடக்கும். பனிக்குள் தொலைந்துபோன கையுறை, பந்து, போன வருடத்து நாய் அசுத்தம் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்காமல் பார்ப்பதுதான் வீட்டுக்காரனுடைய வேலை. ஆகவே மடலில் குறிப்புகள் போடுவார்கள்: பீலியைத் துப்புரவாக்குங்கள், கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து தூரமாக விடுங்கள், புகை மணிக்குப் பற்றறி மாற்றுங்கள்.

இந்தச் சங்கத்தின் செயலாளர் என் மகள் அபி. இருபத்துமூன்று வயது. கொமிட்டியில் மற்ற எல்லோருக்கும் தலை நரைத்திருக்கிறது, ஒருவருக்குத் தலைமயிரே இல்லை. பதினேழு தமிழ் வீடுகள் இருக்கும் இடத்தில் தமிழில் ஒரு பக்கம் வேண்டும் என்று அபிதான் சண்டை பிடித்தாள். வென்றும் விட்டாள். வென்ற பிறகுதான் அவளுக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

"அப்பா, நீங்க எழுதுறீங்க," என்றாள்.

"நானா? பொன்னம்பலம் மாஸ்டரக் கேளு புள்ள. யாழ்ப்பாணத்தில படிப்பிச்ச மனிசன்."

"அவர் எழுதினா ஒருத்தருக்கும் விளங்காது. நீங்க எழுதினா எல்லாருக்கும் விளங்கும்."

இது புகழ்ச்சியா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எப்படிப்பட்டவன் என்று தெரியும். வாசல் மணி அடித்தால் நான் பேஸ்மென்டுக்குள் இறங்கிவிடுவேன். கடையில் ஒரு சப்பாத்து வாங்கி, அளவு பிழை என்று வீட்டில் கண்டு, திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு இரண்டு வருடம் போட்டேன். பேக்கரியில் இரவும் பகலுமாக மாறி மாறி வேலை செய்து வளர்த்த மகளோடுகூட "சாப்பிட்டியா", "குளிருது, தொப்பி போடு" என்பதற்கு மேல் எனக்குக் கதை வராது. அவளும் வேலை, தோழிகள், தொலைபேசி என்று தன் பாட்டில் இருந்தாள். மாதக்கணக்காக ஒரு மேசையில் இருந்ததில்லை.

இந்தப் பக்கம் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் மடிக்கணினியோடு குசினி மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இங்கிலிசை வாசித்து எனக்கு விளங்கப்படுத்துவாள். நான் கொப்பியில் தமிழில் எழுதுவேன். ஒரு மணித்தியாலம் என்று தொடங்கி, நாலு ஞாயிறு அப்படிப் போனது. மல்லிகா தேத்தண்ணி வைக்கிற சாட்டில் நாலு தரம் வந்து எட்டிப் பார்ப்பாள். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு என்னவாக இருந்தது என்று இங்கே எழுத எனக்குத் தெரியாது. அது போய்விடும் என்ற நிலை வந்ததுதான் இந்தக் கதை.

3

இங்கிலிஸ் மடலில் பதினொரு குறிப்புகள் இருந்தன. நான் இரண்டு பிழை செய்தேன். ஒன்று கூட்டியது, ஒன்று குறைத்தது.

முதலில் குறைத்ததைச் சொல்கிறேன். ஏழாம் குறிப்பை அபி வாசித்து இப்படிச் சொன்னாள்: "பூப்பாத்தியில கிடக்கிற பழைய சருக இப்ப கூட்டி அள்ளாதீங்க. அதுக்குள்ள தேனீ எல்லாம் நித்திரை கொள்ளுது. நல்லா வெயில் வந்தாப் பிறகு அள்ளுங்க."

நான் பேனையை வைத்துவிட்டேன். படுவான்கரைக் காட்டில் தேன் எடுப்பவர்களோடு சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். தேனீ மரப்பொந்தில் இருக்கும். இங்கே என்றால் பெட்டியில் இருக்கும். குப்பைக்குள் படுத்துக் குறட்டை விடும் தேனீயை ஆர் கண்டது? இதை என் பெயரில் போட்டால் பொன்னம்பலம் மாஸ்டர் நடுத்தெருவில் வைத்துக் கேட்பார். அபி எட்டாம் குறிப்புக்குப் போய்விட்டாள். நான் ஏழாவதை எழுதாமலே எட்டாவதை எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதுதானே.

கூட்டியது ஒன்பதாம் குறிப்பில். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஆழமில்லாத வாய்க்கால் ஓடுகிறது. அவரவர் வளவுக்குள் ஓடும் துண்டை அவரவர்தான் பார்க்கவேண்டும். குறுக்கே வேலி போடக் கூடாது. இங்கிலிசில் இருந்தது ஒரு வசனம்: வாய்க்காலைத் துப்புரவாக்க இது நல்ல காலம். அவ்வளவுதான்.

எனக்கு அந்த வசனம் அரைகுறையாகப் பட்டது. ஆர்? எப்போது? வராவிட்டால் என்ன?

ஊரில் உள்ளவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் மலரை வெளியூரில் இருப்பவர்களும் வாசிப்பார்களாம். சிறுபோக வேளாண்மை தொடங்க முன் நம் வட்டையில், அதாவது ஆற்றுக்கு அப்பால் எல்லோருடைய வயலும் சேர்ந்து கிடக்கும் வெளியில், ஒரு கூட்டம் நடக்கும். வாய்க்கால் வெட்டும் நாள், தண்ணீர் திறக்கும் நாள், விதைக்கும் நாள், மாடு அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அங்கே முடிவாகும். வட்டை விதானை கம்பு பிடித்து அளந்து ஒவ்வொருவருக்கும் வாய்க்காலில் ஒரு பங்கு தருவார். குறித்த நாளில் மண்வெட்டியோடு போகவேண்டும். ஒருவர் வராவிட்டால் பக்கத்துப் பங்குக்காரர் அவருடையதையும் வெட்டி முடித்துவிடுவார்கள். தண்ணீர் ஓர் இடத்தில் நின்றால் எல்லோருக்கும் நின்றது போலத்தான். வராதவர் பிறகு தேத்தண்ணியும் பணிசும் கொண்டுவந்து தருவார். அதோடு சரி. என் அப்பாவோடு நான் பத்து வயதிலிருந்தே போனதால்தான் என் படிப்பு ஐந்தோடு நின்றது. ஆகவே எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே பாடம் இது.

நான் எழுதினேன்: "வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லோரும் மண்வெட்டியுடன் வந்து தத்தமது பங்கு வாய்க்காலைத் துப்புரவு செய்யவும். வராதவர்களின் பங்கை அருகில் உள்ளவர்கள் செய்து முடிப்பார்கள்."

"வாசிங்கப்பா," என்றாள் அபி. வாசித்தேன். அவள் தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டு, "ஓகே, நல்லா இரிக்கு," என்றாள். அச்சுக்குப் போனது.

4

சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் பின்கதவைத் திறந்தபோது பதினாலு பேர் நின்றார்கள். நான் எழுதினதை வாசித்து, அதன்படி, குளிரில், மண்வெட்டியோடு!

பொன்னம்பலம் மாஸ்டர் தொப்பி, மஃப்ளர், ஒரு கொப்பி. "எட தம்பி, அச்சில வந்திட்டுதெண்டா அது தீர்மானமெல்லோ," என்று சொல்லி வரவு எடுத்தார். காத்தான்குடி ரபீக் தன் வேலை வான் வண்டியிலிருந்து நாலு மண்வெட்டி கொண்டுவந்திருந்தான். அவனும் வயல் வீட்டுப் பிள்ளைதான், இங்கே வந்து குளிரூட்டி திருத்துகிறான்.

"மச்சான், விதானை ஆரு?" என்று கேட்டான்.

"விதானை இல்ல. நாமளே பாப்பம்."

"அப்ப நீதான். கம்பு எங்க?"

சிரித்துக்கொண்டே தொடங்கினோம். என் வீட்டுக்கும் ரபீக் வீட்டுக்கும் நடுவில் மிஸிஸ் டொறத்தியின் வீடு. எழுபது தாண்டிய, தனியாக இருக்கும் பெண். வருடக்கணக்காகப் பக்கத்து வீடு. நான் அவருக்குக் கை காட்டியிருக்கிறேன், அவர் எனக்குக் கை காட்டியிருக்கிறார். எங்கள் உறவு மணிக்கட்டோடு நின்றது.

அவர் வரவில்லை. மாஸ்டர் கொப்பியில் ஒரு கோடு போட்டு, "இந்த மனுசி ஆப்சென்ற்," என்றார்.

"பாவம், வயசுபோன மனிசி. நாம வெட்டிவிடுவம்," என்றான் ரபீக்.

வெட்டினோம். வாய்க்காலை மட்டும் வெட்டியிருந்தால் பரவாயில்லை. வாய்க்கால் கரையோடு அவருடைய பூப்பாத்தி. அதில் முழங்கால் உயரத்துக்குச் சருகு. இவ்வளவு சருகையும் அள்ள அந்த மனிசிக்கு ஏலாமல் போய்விட்டதே என்று எங்கள் எல்லோருக்கும் இரக்கம் வந்தது. ஏழு பேர் சேர்ந்து, காய்ந்த தண்டுகளையும் முறித்து, பத்துக் கடதாசிப் பையில் அடைத்து, தெருவில் வைத்தோம். பாத்தி பாயைச் சுருட்டின நிலம் போல இருந்தது. பெருமையாக மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நின்றோம்.

"மச்சான், தேத்தண்ணி வருமா?" என்று ரபீக் கேட்ட அதே நேரம் மிஸிஸ் டொறத்தியின் பின்கதவு திறந்தது. நீல நிறத்தில் ஒரு நீண்ட வீட்டுச் சட்டை. கையில் தேத்தண்ணி இல்லை. தொலைபேசி இருந்தது.

அவர் ஏழு பேரையும் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "அவை எங்கே?" என்று கேட்டார். தெருவில் சருகு லொறி பையைத் தூக்கிக் கொட்டும் சத்தம் கேட்டது.

5

திங்கட்கிழமை மிஸிஸ் டொறத்தியின் முறைப்பாடு வந்தது. அபி அதைக் குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்துச் சொன்னாள். அனுமதியில்லாமல் ஏழு ஆண்கள் விடியற்காலை வளவுக்குள் வந்தார்கள். பயந்து போனேன். பன்னிரண்டு வருடம் வளர்த்த பாத்தியை அழித்தார்கள். மடலில் ஏழாம் குறிப்பை எழுதிக் கொடுத்ததே நான்தான், என்று அது முடிந்தது.

"ஏழாம் குறிப்பு தமிழில இரிக்குத்தானேப்பா?" என்றாள் அபி.

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அப்பா."

"குப்பைக்குள்ள தேனீ எண்டு ஆரு நம்புவாங்க புள்ள..."

"எழுதல்லயா?"

"இல்ல."

"அந்தச் சனிக்கிழமை ஆறு மணி? அது இங்கிலிசில எங்க இருந்த?"

"அது... வட்டையில அப்பிடித்தான்."

"அப்பா, இது டிப்ஸ்! விரும்பினா செய்யலாம், விரும்பாட்டி விடலாம். ஓடர் இல்ல!"

அச்சில் வந்த ஒன்றை விரும்பாவிட்டால் விடலாம் என்று எனக்கு ஒருவரும் ஒருநாளும் சொல்லவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சங்கத் தலைவர் ஜெரி நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அபியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் முறைப்பாடு எடுக்கப்படும். மிஸிஸ் டொறத்தி அதைத் திரும்பப் பெறாவிட்டால் தமிழ்ப் பக்கம் நிற்கும். அதற்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தவள் அபி. ஆகவே அவளும் செயலாளர் வேலையை விடவேண்டும்.

"நான் வாசிச்சுப் பாத்திருக்க வேணும்," என்றாள். "எனக்கு வாசிக்கத் தெரியாதே." மடிக்கணினியை மூடிக்கொண்டு மேலே போய்விட்டாள். நான் மேசையில் தனியாக இருந்தேன். மல்லிகா வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, "இனி ஞாயிற்றுக்கிழமை பகலும் நித்திரை கொள்ளலாம் உங்களுக்கு," என்றாள். அவளுக்குக் குத்தத் தெரியும்.

6

சருகை எடுத்தவன் சருகைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் எங்கள் பைகள் லொறியில் போய்விட்டன. வாய்க்காலுக்கு அப்பால் தெரியும் தெருவுக்கு லொறி புதன்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்கவேண்டும்.

"அபி, நீயும் வாறியா?"

"நான் வந்தா நீங்க எனக்குப் பின்னால நிப்பீங்க. நீங்களே போங்க."

ஒரு இங்கிலிஸ் வசனம் மட்டும் சொல்லித் தந்தாள். மன்னிக்கவும், உங்களிடம் பழைய சருகு இருக்கிறதா, நான் எடுத்துக்கொள்ளலாமா. அதைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ரபீக் வான் ஓட்டி வந்தான். இறங்கமாட்டேன் என்றான்.

"ஊரே குப்பையக் கொட்ட இடம் தேடுது. நாம குப்பை கேட்டுப் போறம். எனக்கு வெக்கமா இரிக்கு மச்சான், நீ போ. உனக்குத்தான் வெக்கம் பழகிப்போச்சே."

முதல் வீட்டில் மணியை அழுத்திவிட்டுத் திரும்பி வானுக்கு ஓடி வந்துவிட்டேன். ரபீக் கதவைப் பூட்டிவைத்திருந்தான். கண்ணாடிக்குள்ளால் அந்த வீட்டைக் காட்டி, கிறுகிப் போ என்றான். போனேன். கதவைத் திறந்த மனிதர் நான் கூலிக்குத் தோட்டம் துப்புரவாக்க வந்தவன் என்று நினைத்து உள்ளே கூட்டிப்போய்த் தன் பின்வளவு முழுவதையும் காட்டினார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அரை மணித்தியாலம் கூட்டி அள்ளிக் கொடுத்தேன். ஆனால் இரண்டு பை கிடைத்தது.

இரண்டாவது வீட்டில் வியர்வையில் உள்ளங்கை எழுத்து அழிந்துவிட்டது. ஞாபகத்தில் இருந்த சொற்களைச் சொன்னேன். அந்தப் பெண் நெடுநேரம் யோசித்துவிட்டு எனக்கு ஒரு தொட்டியில் உயிருள்ள செடி கொண்டுவந்து தந்தார். மூன்றாவது வீட்டில் கதவு திறக்கவில்லை, நாய் மட்டும் கதைத்தது. நாலாவது வீட்டுக் கிழவர் "எதற்கு?" என்று கேட்டார். அதற்குப் பதில் உள்ளங்கையில் இருக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கால், மாஸ்டரின் கொப்பி, தேனீ, மகள். அவ்வளவு நேரம் நான் இங்கிலிசில் பேசியது அதுதான் முதல் தரம். கிழவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கராஜிலிருந்து மூன்று பையைத் தானே தூக்கி வந்து வானில் வைத்தார். பின்னேரத்துக்குள் ஒன்பது பை. தொட்டிச் செடி வேறு.

மிஸிஸ் டொறத்தியின் வாசல் மணிதான் பத்தாவது. அதை அழுத்த எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது.

அவர் பைகளைப் பார்த்தார். ஒன்றைத் திறந்து ஒரு சருகை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது வேறு மரம்," என்றார்.

"ஓம்," என்றேன். இங்கிலிசில் சொல்ல மறந்துவிட்டேன். அது அவருக்கு விளங்கியது.

"உள்ளே இருந்தவை திரும்பி வராது. உனக்கு அது விளங்குகிறதா?"

விளங்கியது. வீட்டில் அபி சொல்லியிருந்தாள். பைக்குள் போனது போனதுதான். நான் தலையை ஆட்டினேன். அவர் பைகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். முறைப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செடியைக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

7

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தரம். பின்வரிசையில், கதவுக்குக் கிட்ட இருந்தேன். அபி முன்னால் மேசையில் குறிப்பு எடுத்துக்கொண்டு இருந்தாள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டையும் அவள்தான் குறிப்பு எடுக்கவேண்டும். ஜெரி வாசித்தார். வாசித்து முடித்து, "யாராவது பேசவேண்டுமா?" என்றார்.

பொன்னம்பலம் மாஸ்டர் எழும்பப் பார்த்தார். அவர் எழும்பினால் அரை மணித்தியாலம். அந்தப் பயத்தில் நான் எழும்பிவிட்டேன்.

எழுதிக் கொண்டுவந்த கடதாசியை எடுக்கவில்லை. இவ்வளவும் சொன்னேன்: "மகள் ஏழாவதை எனக்குச் சொன்னாள். நான் எழுதவில்லை. பொய் என்று நினைத்தேன். பிழை. ஒன்பதாவதில் நான் கூட்டி எழுதினேன். எங்கள் ஊரில் தண்ணீர் எல்லோருடையதும். ஒருவர் வராவிட்டால் மற்றவர் செய்வோம். கேட்கமாட்டோம். அது உதவி. மன்னிக்கவும். மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மகள் செய்யவில்லை. மன்னிக்கவும்."

இருக்கப் போனேன். மிஸிஸ் டொறத்தி எழும்பினார்.

"எங்கள் ஊரில்," என்றார், "மணியை அடிப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அன்று நான் பயந்தேன்," என்றார். "அதை ஒருவரும் சிரித்து மறக்கவேண்டாம். இவர் செவ்வாய்க்கிழமை எத்தனை கதவைத் தட்டினார் என்று நான் ஜன்னலால் பார்த்தேன். முதல் வீட்டிலிருந்து ஓடியதையும் பார்த்தேன்." மீண்டும் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. "முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு நிபந்தனை. அடுத்த மடலுக்கு முன் அந்தத் தமிழ்ப் பக்கத்தை நான் பார்க்கவேண்டும்."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே," என்றார் ஜெரி.

"செயலாளருக்கும் தெரியாது என்று இப்போதுதானே கேட்டோம்," என்றார் மிஸிஸ் டொறத்தி.

அபி குனிந்து குறிப்பு எழுதினாள். அவளுடைய தோள் குலுங்குவது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

8

ஆகவே இப்போது ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் குசினி மேசையில் மூன்று பேர். மிஸிஸ் டொறத்தி ஒரு தகர டின்னில் பிஸ்கட் கொண்டுவருவார். மல்லிகா அதற்குப் பதிலாகப் பயற்றம் பணியாரம் வைப்பாள். இரண்டு பேரும் மற்றவருடையதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

நான் தமிழில் எழுதி வாசிப்பேன். அபி அதைக் கேட்டு இங்கிலிசில் சொல்லுவாள். மிஸிஸ் டொறத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூல மடலில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். போன ஞாயிறு ஏழாம் குறிப்பைத் திருத்திப் போடுவதற்காக எழுதினேன். வாசித்தேன். அபி சொன்னாள். மிஸிஸ் டொறத்தி விரலைத் தூக்கவில்லை.

"அவர் நிறைய வாசித்தார். நீ கொஞ்சம் சொன்னாய். எதை விட்டாய்?"

அபி என்னைப் பார்த்தாள். நான் பணியாரத்தைப் பார்த்தேன்.

"அப்பா கூட்டி எழுதியிருக்கிறார்," என்று அவள் ஒத்துக்கொண்டாள். "இந்தக் குறிப்பைத் தந்தவர் மிஸிஸ் டொறத்தி. அவருடைய சருகை நாங்கள் கேளாமல் அள்ளினோம். அதற்குள் உயிர்கள் இருந்தன. இனி ஒருவருடைய வளவுக்குள்ளும் மணி அடித்துக் கேட்காமல் போகவேண்டாம். மன்னிக்கவும் என்று."

மிஸிஸ் டொறத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"கடைசிச் சொல்லை வெட்டச் சொல்லு. அவர் அதைப் போதுமான தரம் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் ஒன்பது மணிக்கு முன் மணி அடிக்கவேண்டாம் என்று போடச் சொல்லு."

வெட்டினேன். ஒன்பது மணி என்று எழுதினேன். அபி தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"சரி, அடுத்தது நாயிட விசயம்," என்றாள். "அப்பா, இங்கிலிசில இருக்கிறத மட்டும் எழுதுங்க."